மூக்குக்கு நேரே புதுச்சேரி!

எனக்கும் காற்றுக்கும் தகராறு ஆரம்பித்தது கோவளம் தாண்டித்தான்.

அதுவரை நாங்கள் நல்ல சிநேகிதர்கள். திருவான்மியூரில் புல்லட்டைக் கிளப்பும்போது காற்று முகத்தைத் தடவிக் கொடுக்கும். அக்கரை வரை அண்ணன் தம்பி மாதிரி பேசிக்கொண்டே வருவோம். கோவளம் தாண்டி, சாலை காலியாகி, ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினேனோ இல்லையோ, அண்ணன் தம்பி பங்காளி ஆகிவிடும். சட்டைக்குள் புகுந்து பலூன் ஊதும். நெஞ்சில் கை வைத்து, 'போகாதே, போகாதே' என்று தள்ளும்.

ஆனால் போகாமல் இருக்க முடியாது. மாதம் ஒரு தடவை நான் புதுச்சேரிக்குப் போயே ஆக வேண்டும். (கண் சிமிட்டாதீர்கள். மாமனார் வீடு, முத்தியால்பேட்டையில். மனிதர் டீகூடத் தொட மாட்டார்.) சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால், 'பி.காம். படிச்சுட்டு பத்திரிகைக்கு எழுதிப் பொழைக்கிறவனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டோமே' என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டு வாசலில், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவதைவிட, 'டப் டப் டப்' என்று தெருவே திரும்பிப் பார்க்க புல்லட்டில் வந்து இறங்குவது கொஞ்சம் கௌரவம் இல்லையா?

அந்த கௌரவத்துக்குத்தான் காற்று வட்டி கேட்டது.

நான் காமர்ஸ். பௌதிகத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு விவாகரத்து. ஆனால் காற்றின் கணக்கு எனக்குச் சுலபமாகப் புரிந்தது. ஏனென்றால் அது கந்துவட்டிக் கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று உங்களிடம் ஒரு ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-ல் போனால் இரண்டு ரூபாய் கேட்காது, நாலு ரூபாய் கேட்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு நாலு மடங்கு. மரக்காணம் வருவதற்குள் நம் கழுத்தும் தோளும் அசலோடு வட்டியையும் கட்டி முடித்து, ஜப்திக்குத் தயாராகிவிடும்.

"ஒரு விண்ட்ஷீல்டு மாட்டுங்களேன்" என்றாள் என் மனைவி.

அங்கே விழுந்தது பிள்ளையார் சுழி.

சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். தப்பு அவர்கள் மேல் இல்லை, என் மேல்தான். நான் தேர்ந்தெடுத்த முறை, தீபாவளிக்குச் சட்டை எடுக்கிற முறை: எது பார்க்க அழகாக இருக்கிறதோ, அது. ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், கறுப்புச் சாயம் போட்ட ஒரு குட்டிக் கண்ணாடி. மாட்டியதும் புல்லட், கூலிங் கிளாஸ் போட்ட வில்லன் நடிகர் மாதிரி ஜம்மென்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவளம் தாண்டினேன். ஆஹா! நெஞ்சில் காற்றே இல்லை. சட்டை அசையவில்லை. வெற்றி, வெற்றி என்று நினைத்த அதே விநாடி யாரோ என் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்க ஆரம்பித்தார்கள். இடது, வலது, மேலே, கீழே. பொங்கல் உரலில் தலையை விட்ட மாதிரி. எதிரே வரும் பஸ்ஸின் போர்டு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. நெஞ்சுக்கு நிம்மதி, தலைக்குச் சனி.

என்ன நடந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கண்ணாடியே இல்லாதபோது வருகிற காற்று பலமானது, ஆனால் யோக்கியமானது. ஒரே சீராக நேராக வந்து தள்ளும். கண்ணாடி வைத்தவுடன் அதன் மேல் விளிம்பில் காற்று கிழிபடுகிறது. கிழிந்த இடத்துக்குப் பின்னால் சுழல் சுழலாகச் சுருண்டு, கொந்தளித்துக்கொண்டு போகிறது. அந்தக் கொந்தளிப்பு சரியாக நம் தலை இருக்கும் உயரத்துக்கு வந்து சேர்ந்தால் வருவதுதான் இந்த உலுக்கல். அதாவது, தப்பான உயரத்துக் கண்ணாடியைவிடக் கண்ணாடியே இல்லாமல் இருப்பது மேல்! காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் இந்த ஞானம் வருகிறது.

முத்தியால்பேட்டை போய்ச் சேர்ந்தபோது என் காது இரண்டும் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. வாசலில் மாமனார்.

"வாங்க மாப்ளே! சாப்டீங்களா?"

"ஆமா மாமா, நல்ல கூட்டம்தான்!"

"மாட்டமா? என்ன மாட்டம்?"

"மூட்டமெல்லாம் இல்லை மாமா, வெயில்தான்!"

"குயிலா? இங்க ஏது குயிலு?"

உள்ளேயிருந்து வந்த என் மனைவி, "ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கறீங்க?" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

மாமனாருக்குக் காது மந்தம். புதுச்சேரி பஞ்சாலை ஒன்றில் தறிக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கை ஜாடையில்தான் பேச வேண்டுமாம். அதனால் வீட்டில் யாராவது மெல்லப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். என் மேல் மட்டும் கோபமே வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாம், "எங்க மாப்ளே தங்கமான மனுஷன்யா. மத்தவங்க மாதிரி முணுமுணுக்க மாட்டாரு. கணீர்னு பேசுவாரு" என்று எனக்கு சர்டிஃபிகேட் கொடுத்து வைத்திருந்தார். புல்லட் சத்தத்தில் என் காது அடைத்துப் போய், நான் என்னையறியாமல் கத்துகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குமே தெரியாது.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தேன். காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். சுண்டுவிரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்ததை மாமனார் பார்த்துவிட்டார்.

"கொய்ங்னு கேக்குதா மாப்ளே?"

"ஆமா மாமா. காலையில சரியாப் போயிடும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எனக்கும் அப்படித்தான். ஆரம்பத்துல ராத்திரி மட்டும்தான் கேக்கும். காலையில போயிடும். அப்புறம் ஒரு நாளு காலையிலயும் போவல."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் படுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் படித்துப் பார்த்தேன். 85 டெசிபல் சத்தத்தில் தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்கு ஆபத்து என்று தொழிற்சாலைகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் சத்தம் ஏற ஏற, தாங்கக்கூடிய நேரம் மளமளவென்று குறையும். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று போடுகிற சத்தமே 90 டெசிபலைத் தாண்டிவிடும். எஞ்சின் சத்தம் இல்லை ஐயா, வெறும் காற்று! உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிரிழைச் செல்கள் அதில் அடிபட்டுச் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. நான் மாதா மாதம் 300 கிலோமீட்டர் போய் வருவது ஒரு தறிக் கூடத்துக்குள்தான். கூலிகூட இல்லாமல்.

பயந்து போய் எதிர்ப்பக்கம் ஓடினேன். கடைக்குப் போய், "இருக்கறதுலயே பெரிசு எடுங்க" என்றேன்.

"சார், இதைப் போட்டா ஏ.சி. கார்ல போற மாதிரி இருக்கும்" என்று ஒன்றை எடுத்து மாட்டினார்கள். உட்கார்ந்தால் என் நெற்றி வரைக்கும் வந்தது. புல்லட்டைப் பார்த்தால் பால்காரர் வண்டிக்குக் கதவு போட்ட மாதிரி இருந்தது. பரவாயில்லை. அழகு முக்கியமா, காது முக்கியமா?

முதல் அரை மணி நேரம் சொர்க்கம். சத்தமே இல்லை. பின் சீட்டில் மனைவி பேசுவது முழுசாகக் கேட்டது. (அது சொர்க்கமா என்று கேட்காதீர்கள்.) மாமல்லபுரம் வந்தபோது சொர்க்கத்தில் புழுங்க ஆரம்பித்தது. மே மாதம். காற்று வந்தால்தானே வியர்வை காயும்? ஏ.சி. கார் என்றார்கள், ஏ.சி. ரிப்பேரான கார் என்று சொல்லவில்லை.

"ஏங்க, யாரோ என்னைப் பின்னாடியிருந்து தள்ளற மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி. அது பேய் இல்லை. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றிடம் மாதிரி உண்டாகிறது. அதை நிரப்பப் பின்பக்கத்துக் காற்று ஓடி வரும்போது, வழியில் உட்கார்ந்திருக்கும் அம்மணியையும் தள்ளிக்கொண்டு வருகிறது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்'. கதவைத் தட்டி வாடகை கேட்கிற மாதிரி.

கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் அடுத்த பாடம். தெற்கே போகும்போது கடல் நம் இடது கைப் பக்கம். வெயில் ஏறியதும் கடற்காற்று இடமிருந்து வலமாக அடிக்க ஆரம்பிக்கும். மரமோ வீடோ இல்லாத பாலத்தின் மேல் அந்தக் காற்று வந்து என் கண்ணாடியில் மோதியபோதுதான் தெரிந்தது, நான் மாட்டியிருப்பது கண்ணாடி இல்லை, பாய்மரம் என்று. வண்டி சாலை நடுவே நகர்ந்தது. மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவிலும் அதே கதை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். அக்டோபரில் ஒரு ராத்திரி நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று சென்னையில் கிளம்பவே மாலை ஆகிவிட்டது. மரக்காணம் வந்தபோது நல்ல இருட்டு, தூறல். கண்ணாடி முழுக்க நீர்த்துளி. காருக்கு வைப்பர் உண்டு. நமக்கு? எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் இரண்டு ஹெட்லைட்டும் என் கண்ணாடியில் இரண்டாயிரம் ஆனது. ஒவ்வொரு துளியும் ஒரு பல்பு. போதாததற்கு, ஆறு மாதமாக உலர்ந்த துணியால் தூசியைத் தேய்த்துத் துடைத்ததில் விழுந்திருந்த கீறல்கள் எல்லாம் மத்தாப்புக் கம்பி மாதிரி மின்னின. எனக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரை. அவ்வளவுதான்.

"ஏங்க!"

மனைவி கத்திய கத்தலில் இரண்டு பிரேக்கையும் அமுக்கினேன். வண்டி கொஞ்சம் சறுக்கி நின்றது. முன் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் ஒரு சைக்கிள். அதைத் தள்ளிக்கொண்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெரியவர். மனைவி பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்ததால் அவரைப் பார்த்திருக்கிறாள். நேரே பார்த்துக்கொண்டு வந்த நான் பார்க்கவில்லை.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "பாத்துப் போப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பார்த்துத்தானே போனேன்? எதன் வழியாகப் பார்த்தேன் என்பதுதான் கேள்வி. அங்கிருந்து புதுச்சேரி வரை, ஒட்டகச்சிவிங்கி மாதிரி கண்ணாடிக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனேன். பின் சீட்டில் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. கல்யாணமான நாளாக அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலம், மனசு சரியில்லாமல் கடற்கரைச் சாலைக்கு நடந்தேன்.

புதுச்சேரியில் காற்றைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெருக்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கிழக்கு மேற்குத் தெருக்கள் நேரே கடலைப் பார்த்துத் திறந்திருப்பதால், சாயங்காலக் காற்று கடலிலிருந்து கிளம்பி, கேட்காமலே ஊருக்குள் நடந்து வருகிறது. பழைய வீடுகளின் ஜன்னல் கதவுகளில் சாய்வாகப் பலகைகள். வெயிலும் பார்வையும் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். காற்றோடு சண்டை போடாமல், அதனோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஊர்.

ஒப்பந்தம் இன்று நேற்று போட்டதல்ல. தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகளும் மது ஜாடிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த வியாபாரம் நடந்ததே பருவக்காற்றின் தயவில். அதே காற்று கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே', 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்'. புயலுக்குப் பிறகு தெருத் தெருவாக மரங்களை அறுத்து எடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஜனங்கள் நடக்கிறார்கள். காந்தி சிலையைத் தாண்டி ஒரு திருப்பத்தில் ஓர் ஆயா தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். கடல் பக்கமாக அடுப்பை மறைத்து ஒரு தகரம். அடிக்கிற காற்றுக்கு அடுப்பு அணையவில்லை. புகையும் ஆயாவின் முகத்துக்கு வரவில்லை. நான் பஜ்ஜியை விட்டுவிட்டுத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா தம்பி, பஜ்ஜி வேணுமா, தகரம் வேணுமா?"

"ஆயா, இந்தத் தகரத்தை எப்படி இவ்வளவு உயரம்னு கணக்குப் பண்ணீங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாயங்காலம் ஆறு மணிக்கே இப்படியா என்று நினைத்திருக்கலாம், ஊர் அப்படி. ஆனாலும் பதில் சொன்னார்.

"கணக்கு என்னா கணக்கு. தாழ வச்சா நெருப்பு தலையை ஆட்டும். ரொம்ப ஒசத்தினா காத்து மேலே ஏறிக் குட்டிக்கரணம் போட்டு, பொகையை எம் மூஞ்சிக்கே கொண்டாந்து விடும். நெருப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தாப் போதும். அடியில ரெண்டு வெரக்கடை சந்து வுட்டிருக்கேன் பாரு. அது இல்லேன்னாலும் பொகை திரும்பும்."

நெருப்பு தலையை ஆட்டும்: என் குட்டிக் கண்ணாடி. புகை திரும்பும்: என் பெரிய கண்ணாடி. ஐந்து நிமிஷத்தில், இரண்டு பிளேட் பஜ்ஜி விலையில், என் ஒரு வருஷத்துச் சந்தேகம் தீர்ந்தது.

இத்தாலியில் மோட்டோ குஸி கம்பெனி 1950-லேயே மோட்டார் சைக்கிளைப் பரிசோதிக்கக் காற்றுச் சுரங்கம் கட்டியது. பி.எம்.டபிள்யூ. தன் ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முன் மறைப்பை இத்தாலியில் ஒரு காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கி, 1976-ல் வெளியிட்டது. இன்று விலை கூடிய வண்டிகளில் பட்டனை அழுத்தினால் கண்ணாடி தானே ஏறி இறங்குகிறது. நமக்குச் சுரங்கமும் இல்லை, பட்டனும் இல்லை. ஆயா இருக்கிறார்.

மறுநாள் காலை, மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் மாமனாருக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். கண்ணாடியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சார், இது உங்களுக்கு வாங்கினதா, வேற யாருக்காச்சுமா?"

"எனக்குத்தான்."

"அளவு எடுத்தாங்களா?"

"கண்ணாடிக்கு யாருங்க ஆளை அளவெடுப்பாங்க?"

"சட்டைக்கு எடுக்கறாங்க இல்லே?"

பதில் இல்லை என்னிடம்.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒரு பையனை விட்டு நேராகப் பிடிக்கச் சொன்னார். என்னை ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்காரச் சொன்னார். மனைவியையும் வரவழைத்துப் பின்னால் ஏறச் சொன்னார். ஆள் ஏறினால் பின் ஷாக் அப்சார்பர் அமுங்கும், மட்டமே மாறிவிடும் அல்லவா? நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"கல்யாண போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி உக்காராதீங்க சார். மரக்காணம் வரும்போது எப்படி உக்காந்திருப்பீங்களோ, அப்படி உக்காருங்க."

முதுகைத் தளர்த்தினேன். தொப்பை முன்னே வர, தலை இரண்டு அங்குலம் இறங்கியது. மெக்கானிக் ஒரு மரச் சட்டத்தை என் மூக்கு நுனிக்கு நேராக மட்டமாகப் பிடித்து, அது கண்ணாடியைத் தொட்ட இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். மேல் விளிம்பிலிருந்து நாலு அங்குலம் கீழே.

"மூக்கு நுனிதான் சார் கணக்கு. கண்ணு எப்பவும் கண்ணாடிக்கு மேலே பாக்கணும். கண்ணாடி வழியா ரோட்டைப் பாக்கறவன் வெயில்ல தப்பிச்சாலும் மழையில மாட்டுவான்."

மரக்காணத்துப் பெரியவரை இவருக்கு எப்படித் தெரியும்?

மூக்கு மட்டத்தில் வெட்டினால் காற்று நேரே கண்ணில் அடிக்காதா என்று கேட்டேன். அடிக்காதாம். சாய்ந்த கண்ணாடியில் ஏறி வரும் காற்று விளிம்போடு நிற்காது. அதே வேகத்தில் இன்னும் மேலே எழும்பி, ஹெல்மெட்டைத் தாண்டிப் போய்விடும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், காற்றுக்குத்தான் வேண்டும்.

சரி, வெட்டுங்கள் என்றால், கத்தியை எடுக்கவில்லை.

"வெட்டினதை ஒட்ட முடியாது சார். முதல்ல ஓட்டிப் பாருங்க. கண்ணாடியை இறக்க முடியாது. உங்களை ஏத்தலாம் இல்லே? வீட்டுல தலகாணி இருக்கா?"

அன்று முத்தியால்பேட்டை மக்கள் ஒரு காட்சியைக் கண்டு களித்தார்கள். மாமனாரின் இலவம்பஞ்சுத் தலையணையை புல்லட் சீட்டில் போட்டு, அதன் மேல் சிங்காசனம் மாதிரி அவர் மாப்பிள்ளை. ஹெல்மெட்டில் உச்சி, நெற்றி, இரண்டு கன்னம் என்று நாலு இடத்தில், செல்லோ டேப் போட்டு ஒட்டிய சிவப்பு உல்லன் நூல். காவடி ஒன்றுதான் பாக்கி.

காலாப்பட்டு தாண்டி, நேரான, காலியான ஓர் இடத்தில் 60-ல் சீராகப் போனேன். பின்னால் மச்சினன் ஸ்கூட்டரில் நூலைப் பார்த்துக்கொண்டு வந்தான். கன்னத்து நூல்கள் அசையாமல் தொங்கினவாம். உச்சி நூல் மட்டும் ஒரே கோடாகப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றதாம். எனக்கு நூல் தெரியவில்லை. ஆனால் வேறு ஒன்று கேட்டது. என் எஞ்சின் சத்தம்! அத்தனை நாளும் காற்றின் கூச்சலில் அமுங்கிக் கிடந்த 'டப் டப்' தெளிவாக, தாளம் தப்பாமல் கேட்டது. கண்ணாடிக்கு மேலே சாலை, அப்போதுதான் கழுவி வைத்த மாதிரி தெரிந்தது.

திரும்பி வந்து வெட்டினோம். கோட்டின் மேல் டேப் ஒட்டி, நெருக்கமான பல் உள்ள பிளேடால், அவசரப்படாமல். என்னுடையது பாலிகார்பனேட்; சுலபத்தில் விரிசல் விடாது. அக்ரிலிக்காக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். விளிம்பை அரம் போட்டு மழுக்கினார். நாலு அங்குலத்துக்குக் கோடு போட்டவர் மூன்றரைதான் வெட்டினார். "மீதி அரை அங்குலம் இருக்கட்டும் சார். தேவைன்னா அப்புறம் எடுத்துக்கலாம்." ஆயா சொன்ன மாதிரி, கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை சந்து விட்டு மாட்டினார். ரப்பர் வாஷர் போட்டு, போல்ட்டை அளவோடு முறுக்கினார். அழுத்தி முறுக்கினால் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும்.

மனைவியோடு இன்னொரு சுற்று. அவள் சீட் என் சீட்டைவிட உயரம். "என் உச்சந்தலையில லேசா அடிக்குதுங்க" என்றாள். ஒரு வாஷரை மாற்றிக் கண்ணாடியைக் கொஞ்சம் நிமிர்த்தினார். "இப்ப?" "இப்ப சரி. யாரும் தள்ளலை."

என்னைப் போல மாதா மாதம் ஊருக்குப் போகும் ஆபீஸ் நண்பர்களே, ஒரு வருஷச் சம்பளத்தில் பாதியைத் தொலைக்காமல் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பனுக்குப் பொருந்திய கண்ணாடி உங்களுக்குப் பொருந்தாது. அவன் முதுகு வேறு, உங்கள் முதுகு வேறு. ஓட்டும்போது தலை உலுக்கினால், காலியான சாலையில் ஒரு நிமிஷம் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சத்தம் அடங்கினால் கண்ணாடி உயரம் போதவில்லை. குனிந்து அடங்காமல் ஃபுட் ரெஸ்ட்டில் லேசாக எழும்பினால் அடங்குகிறதா? உயரம் ஜாஸ்தி. உயர்த்திப் பார்க்க வேண்டுமானால் அட்டை ஒட்டிப் பாருங்கள், இறக்கிப் பார்க்க வேண்டுமானால் தலையணை. துடைக்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவுங்கள். பிறகு மெல்லிய துணி. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். எவ்வளவு நல்ல கண்ணாடியும் சத்தத்தைக் குறைக்கும், ஒழிக்காது. அதனால் தூரப் பயணத்துக்குக் காதில் ஃபோம் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் கேட்கும், பயப்படாதீர்கள்.

போன மாதம் மறுபடி புதுச்சேரி. முத்தியால்பேட்டையில் இறங்கினேன். கழுத்து வலி இல்லை. காதில் 'கொய்ங்' இல்லை. வாசலில் மாமனார்.

"வாங்க மாப்ளே! சாப்டீங்களா?"

"இன்னும் இல்லை மாமா" என்றேன், சாதாரணக் குரலில்.

அவர் கையைக் காதோரம் குவித்தார். "என்னா?"

"சாப்பிடலை மாமா."

மறுபடியும் கேட்கவில்லை. முகம் வாடிவிட்டது. உள்ளே போய் மகளிடம், அவருக்கு மெதுவான, தெருவுக்கே கேட்ட குரலில் சொன்னார்: "மாப்ளைக்கு நம்ம மேல ஏதோ வருத்தம்மா. மத்தவங்க மாதிரியே முணுமுணுக்கறாரு."

நான் ஹெல்மெட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். மூச்சை நன்றாக இழுத்து, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்படி கத்தினேன்:

"சாப்பிடலை மாமா! வாங்க, சேர்ந்து உக்காரலாம்!"

"அப்படிச் சொல்லுங்க மாப்ளே!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.